“இரண்டும் ஆண் என்றுதான் கடைக்காரர் சொன்னார்”: வளர்ப்பு எலி, வாசகர் கேள்வி பதில்

போன மாதம் வளர்ப்பு எலிகளைப் பற்றி இரண்டே பத்திகள் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே விஷயம்தான்: சினை, பேறு, குட்டி. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஒரு மருந்தியல் கல்லூரியின் விலங்குக் கூடத்தில் 26 வருடம் வேலை பார்த்தவள். குட்டி போடும் எலிகளின் கூண்டுகளும் அவற்றின் பதிவேடும் என் பொறுப்பில் இருந்தன. இப்போது மதுரையில் என் வீட்டில் ஐந்து பெண் எலிகள் இருக்கின்றன. மருத்துவரிடம் போக வேண்டிய இடத்தை அங்கங்கே சொல்கிறேன். அங்கே என் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அவசரம் என்று தெரிந்த கடிதங்களுக்கு அன்றன்றே தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இங்கே வருவது மற்றவர்களுக்காகவும் சேர்த்து.

கேள்வி: அம்மா, மூன்று மாதத்துக்கு முன் ஒரு கடையில் இரண்டு வெள்ளை எலிகள் வாங்கினேன். இரண்டும் ஆண் என்றுதான் கடைக்காரர் சொன்னார். ஐந்தாறு நாளாக ஒன்றுக்கு மட்டும் வயிறு இரண்டு பக்கமும் பெருத்துக்கொண்டே வருகிறது. சினையா, நோயா? சினை என்றால் எத்தனை நாளில் குட்டி போடும்? நான் என்ன தயார் செய்ய வேண்டும்?
(கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: தம்பி, முதலில் அந்த இன்னொரு எலியை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

மாற்றியாயிற்றா? சரி. ஏன் இந்த அவசரம் என்றால், குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் தாய் எலி மறுபடி சினைப் பருவத்துக்கு வந்துவிடும். ஆண் பக்கத்தில் இருந்தால், ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றையும் சுமப்பாள். என் பதிவேட்டில் அப்படிச் சுமந்த எலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதுகெலும்பு கையில் தட்டும் அளவுக்கு இளைத்துப்போவார்கள். ஆண் எலி தனியாக ஏங்குவான்தான். அவன் கூண்டைப் பக்கத்திலேயே வையுங்கள். வாசனையும் சத்தமும் கிடைத்தால் அவனுக்குப் போதும்.

இனி சினையா என்ற கேள்வி. வயிற்று மயிரை வாயால் லேசாக ஊதிப் பாருங்கள். பெண் எலிக்கு 12 காம்புகள், நெஞ்சில் மூன்று ஜோடி, அடிவயிற்றில் மூன்று ஜோடி. இரண்டாம் வாரக் கடைசியில் அவை இளஞ்சிவப்பாகத் துருத்தி நிற்கும், சுற்றிலும் மயிர் விலகியிருக்கும். மேலிருந்து பார்த்தால் எலி பேரிக்காய் வடிவத்தில் இருக்கும். குட்டிகளை எண்ணும் ஆசையில் வயிற்றை அழுத்தக்கூடாது. வீக்கம் ஒரு பக்கம் மட்டும் கட்டியாக இருந்தால் அது சினை இல்லை. பெண் எலிகளுக்கு மார்புக் கட்டி அடிக்கடி வரும், அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். வயிறு வெளியே தெரிவது கடைசி ஒரு வாரம், பத்து நாளில்தான். நீங்கள் ஐந்தாறு நாளாகப் பார்க்கிறீர்கள் என்றால் நாள் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணைப் பிரித்த தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அதிலிருந்து 23 நாள் தாண்டியும் ஒன்றும் இல்லை என்றால் சினை இல்லை. இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பால் கொடுத்துக்கொண்டே சினையான எலிக்கு நாள் இன்னும் தள்ளிப்போகும். நடுவில், 13 அல்லது 14-ஆம் நாள் வாக்கில், சில எலிகளிடம் ஒரு துளி ரத்தம் தெரியும். பயப்பட வேண்டாம், கரு நிலைத்துவிட்டதற்கு அடையாளமாக அதை எங்கள் கூடத்தில் குறித்துவைப்போம்.

கூண்டு விஷயத்துக்கு வருகிறேன். மாடி, ஏணி, ஊஞ்சல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குட்டி காம்பைக் கவ்விக்கொண்டிருக்கும்போதே தாய் எழுந்து ஓடுவாள். மேல்தட்டில் இருந்து ஒரு குட்டி விழுந்தால் முடிந்தது. கம்பி இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மூன்று வாரக் குட்டி வெளியே நழுவிவிடும். ஆழமான பிளாஸ்டிக் டப்பா, மேலே கம்பி வலை மூடி, அதுதான் மலிவும் நல்லதும். உள்ளே ஒரு சின்ன மண்சட்டியைச் சாய்த்து வையுங்கள். அவளுக்கு இருட்டான மூலையும் கிடைக்கும், வெயில் காலத்தில் குளிர்ச்சியும் கிடைக்கும். எலிக்கு நம்மைப்போல் வியர்க்காது, உடம்புச் சூட்டில் ஒரு பங்கை வாலின் வழியாக வெளியேற்றும். அறை 30 டிகிரியைத் தாண்டினாலே சினை எலிக்குத் திணறல். கூண்டின் ஒரு பக்கம் மட்டும் ஈரத் துணி போடுங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படக்கூடாது.

கூடு கட்ட அச்சடிக்காத தாளை நீளநீளமாகக் கிழித்துப் போடுங்கள். டிஷ்யூ தாளும் சரி. அவள் அதை வாயில் கவ்விக்கொண்டு போய், முன்னங்கையால் தள்ளித் தள்ளி, கிண்ணம் போல ஒன்று கட்டுவாள். பஞ்சு மட்டும் வேண்டவே வேண்டாம். மெத்தென்று இருக்கும் என்று பாசத்தில் போடுகிறார்கள். பஞ்சின் இழை குட்டியின் காலில் சுற்றி இறுகிவிடும். வேட்டித் துண்டு போட்டாலும் ஓர நூல் தொங்காமல் வெட்டிவிட்டுப் போடுங்கள். தச்சுப்பட்டறை மரத்தூள் தூசியாக இருக்கும். எலிகளுக்கு நுரையீரல்தான் பலவீனமான இடம். கூண்டு இருக்கும் அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி, பினாயில் மூன்றும் கூடாது.

எறும்பைப் பற்றி எந்த ஊர்ப் புத்தகத்திலும் எழுதமாட்டார்கள், ஆனால் நம் வீடுகளில் இதுதான் பெரிய ஆபத்து. நான் ஓய்வு பெற்ற முதல் வருடம், வெண்ணிலா என்ற எலி ஒன்பது குட்டி போட்டாள். இரவில் அவித்த முட்டையின் மஞ்சள் கரு வைத்தேன். மிச்சத்தை எடுக்காமல் தூங்கிவிட்டேன். விடியற்காலை நாலரைக்குக் கூண்டில் சரசரவென்று சத்தம். விளக்கைப் போட்டால், சுவரில் இருந்து கூண்டு வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு. வெண்ணிலா ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி, மூலை மூலையாக மாற்றிக்கொண்டிருந்தாள். எந்த மூலையில் வைத்தாலும் எறும்பு. அவள் மூக்கிலும் கடித்துக்கொண்டிருந்தது. மஸ்லின் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். நான்கு குட்டிதான் மிஞ்சியது. அன்றிலிருந்து என் வீட்டில் கூண்டு நிற்கும் மேசையின் நான்கு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் நிற்கிறது, அம்மாக்கள் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது போல. மேசை சுவரில் ஒட்டக்கூடாது. எறும்புப் பொடியும் எறும்புச் சாக்பீஸும் விஷம், அவற்றைக் கூண்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சாப்பாட்டில், கடைத் தீவனத்தோடு தினமும் கொஞ்சம் அவித்த முட்டை, வேகவைத்த கொண்டைக்கடலை, கேழ்வரகுக் கூழ், ஒரு கரண்டி தயிர், கீரை கொடுங்கள். பயறு, பீன்ஸ் எதையும் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். பால் கொடுக்கும்போது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, சில நாள் மூன்று மடங்குகூடச் சாப்பிடுவாள். தண்ணீர்ப் பாட்டில் வற்றவே கூடாது.

பேறு பகலிலும் நடக்கலாம், இரவிலும் நடக்கலாம். அவள் உடம்பை நீட்டி நீட்டி முறிப்பாள், விலா இரண்டும் உள்ளே ஒட்டும். ஒவ்வொரு குட்டியையும் கையாலும் பல்லாலும் பிடித்து எடுத்து, சவ்வை நக்கி நீக்கி, நஞ்சுக்கொடியைத் தின்பாள். அது இயல்பு, தடுக்காதீர்கள். எட்டு முதல் பன்னிரண்டு குட்டி வரை சாதாரணம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு மணி நேரம் முக்கியும் ஒரு குட்டியும் வரவில்லை, அல்லது ரத்தம் நிற்காமல் வருகிறது, அல்லது உடம்பு சில்லிட்டுச் சோர்ந்து கிடக்கிறாள் என்றால் அந்த நேரமே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சின்ன விலங்குகளைப் பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று இப்போதே விசாரித்து எண்ணை எழுதிவையுங்கள். நடு இரவில் தேடினால் கிடைக்காது.

கேள்வி: மேடம், எங்கள் மல்லி முந்தாநாள் இரவு குட்டி போட்டாள். பையன் எண்ணியபோது பதினொன்று. காலையில் ஒன்பதுதான் இருக்கிறது. அவளே தின்றுவிட்டாள் என்கிறார் வீட்டுக்காரர். பையன் கையால் தொட்டதால்தான் இப்படி என்று மாமியார் அவனைத் திட்டி, அவன் சாப்பிடாமல் அழுகிறான். மீதியையும் தின்றுவிடுவாளா?
(இல்லத்தரசி, சேலம்)

பதில்: தங்கச்சி, முதலில் பையனைக் கூப்பிட்டு, அவன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கத்தை அவனிடமே படிக்கக் கொடுங்கள்.

எங்கள் கூடத்தில் குட்டிகளைப் பிறந்த அன்று, 4-ஆம் நாள், 7-ஆம் நாள், அப்புறம் 14, 21 என்று எடுத்து எடை போடுவோம். ஒவ்வொரு குட்டியும் மனிதக் கைபட்டு வளர்ந்ததுதான். தாய்கள் அவற்றைத் திரும்ப ஏற்றுக்கொண்டன. கைபட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பேச்சு பழகிய எலிக்குப் பொருந்தாது. கை சோப்பு மணமோ, பூண்டு மணமோ இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கழுவிய கையைக் கூட்டுத் தாளில் தேய்த்துவிட்டுத் தொட்டால், அவளுக்குத் தன் வாசனைதான் வரும்.

அப்படியானால் இரண்டு குட்டி எங்கே? பிறக்கும்போதே இறந்தவை, அல்லது பிறந்து சில மணி நேரத்தில் சூடு இழந்து இறந்தவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இறந்த குட்டியைத் தாய் தின்றுவிடுவாள். கூட்டில் பிணம் கிடந்தால் எறும்பு வரும், வாடை பிடித்துக்கொண்டு பகை வரும். அவளால் வெளியே கொண்டுபோய்ப் புதைக்க முடியாது. கேட்கக் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் 26 வருடத்தில் நான் பார்த்த தாய்களில், உயிரோடு நன்றாக இருந்த குட்டியைக் கொன்றவை மிகக் குறைவு. அப்படி நடந்த இடங்களில் தண்ணீர் தீர்ந்திருந்தது, அல்லது பக்கத்து அறையில் இயந்திரம் ஓடியது, அல்லது முதல் நாளே யாரோ கூண்டை முழுக்கக் கழுவி மாற்றியிருந்தார்கள். தலையீற்றுக்காரிகளுக்குப் பதற்றம் கூட இருக்கும்.

மீதி ஒன்பதும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மல்லி சாப்பிட வெளியே வரும் நேரத்தில் ஒரு குட்டியை எடுத்து உள்ளங்கையில் மல்லாத்துங்கள். சின்ன வெங்காயம் ஒன்றின் எடைதான் இருக்கும், ஐந்து, ஆறு கிராம். நிறமும் உரித்த சின்ன வெங்காயம் போலத்தான். மயிர் இல்லை, கண் மூடியிருக்கும், காது தலையோடு ஒட்டியிருக்கும். தோல் கண்ணாடி மாதிரி இருப்பதால், இடது விலாவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அது குட்டியின் இரைப்பை, நிறையப் பால். அந்த வெள்ளைப் பட்டை ஒன்பதிலும் தெரிந்தால் மல்லி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறாள். பையனையே எண்ணச் சொல்லுங்கள். பிறந்து ஒரு நாள் ஆகியும் எந்தக் குட்டியிலும் பட்டை இல்லை என்றால் பால் சுரக்கவில்லை. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். காம்பு ஏதாவது ஒன்று சூடாக, கல் மாதிரி கட்டிச் சிவந்திருந்தாலும் அப்படியே.

ஒரு வாரத்துக்குக் கூட்டைக் கலைக்காதீர்கள். ஈரமான தாளை மட்டும் ஓரத்தில் இருந்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தீனியும் தண்ணீரும் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கூண்டின் பாதிக்குத் துணி போட்டு மூடுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பார்க்க வருவது இரண்டு வாரம் கழித்து இருக்கட்டும். இப்போது மல்லி கடித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த இரண்டு வாரம் எந்தச் சாது எலியும் கடிக்கும்.

கேள்வி: தாய் எலி நேற்று இறந்துவிட்டது. ஏழு குட்டிகள், இன்றோடு ஆறு நாள். பசும்பால் கொடுக்கலாமா? எப்படிக் காப்பாற்றுவது?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: உங்கள் எலிக்காக வருந்துகிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பத்து நாளுக்குட்பட்ட குட்டிகளைக் கையால் வளர்ப்பது மிகவும் கடினம். நான் முயன்றவற்றிலும் பிழைத்தவை கொஞ்சம்தான். ஆனாலும் முயலுங்கள்.

முதல் வழி, வேறு தாய். அதே வயதுக் குட்டிகளோடு பால் கொடுக்கும் எலி யாரிடமாவது இருக்கிறதா என்று எலி வளர்ப்பவர்களிடமும் நீங்கள் வாங்கிய கடையிலும் கேளுங்கள். அவளை இரண்டு நிமிடம் வெளியே எடுத்துவிட்டு, அவள் கூட்டுத் தாளால் உங்கள் குட்டிகளைத் துடைத்து, அவள் குட்டிகளுக்கு நடுவில் புதைத்துவிட வேண்டும். எலித் தாய்கள் இதில் தாராளமானவர்கள். பெரும்பாலும் எண்ணிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்வார்கள்.

அது கிடைக்காவிட்டால் கையால்தான். எலிப் பாலில் கொழுப்பு பசும்பாலைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் பசும்பால் போதாது, வயிற்றுப்போக்கும் வரும். நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளுக்கான பால்பொடி கடையில் கிடைக்கும், அதை வெதுவெதுப்பாகக் கரையுங்கள். ஊசியோ சொட்டு மருந்துக் குழாயோ வேண்டாம், பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். படம் வரையும் மெல்லிய தூரிகையை நனைத்து உதட்டில் வையுங்கள், குட்டி தானாக நக்கும். இரவும் பகலும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பால் கொடுத்த பின், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை நக்குவது போல நீவிவிடுங்கள். இந்த வயதுக் குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கினால்தான் கழிக்கும், இதைச் செய்யாமல் விட்டு இழந்தவர்கள் நிறைய.

எல்லாவற்றுக்கும் முன்னால் சூடு. சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் பாதிக்கு அடியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். பதினைந்து, பதினாறு நாள் தாண்டிவிட்டால் பாலில் ஊறிய சத்துமாவைத் தட்டில் வைக்கலாம். அதுவரை வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: என் மருமகளுக்கு நான்காவது மாதம். வீட்டில் மகன் வளர்க்கும் எலியும் குட்டி போட்டிருக்கிறது. எலிக்காய்ச்சல் வரும், எல்லாவற்றையும் கொண்டுபோய் விடு என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். மருமகளுக்கோ அந்த எலி மேல் உயிர். என்ன செய்யட்டும்?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அக்கா, சம்பந்தி வீட்டார் பயம் தேவையில்லாதது இல்லை. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் வரக்கூடியது. சுண்டெலி மூலம் வரும் ஒரு வைரஸ் இருக்கிறது. சுண்டெலி நடமாடும் இடத்தில் வளர்ந்த வளர்ப்புப் பிராணிகளுக்கும் அது தொற்றலாம், கருவில் இருக்கும் குழந்தையையும் பாதிக்கலாம். ஆகவே குழந்தை பிறக்கும் வரை மருமகள் கூண்டைச் சுத்தம் செய்யக்கூடாது, எலியைக் கையில் எடுக்கவும் கூடாது. தூரத்தில் இருந்து பார்க்கட்டும். கூண்டு, அவர் படுக்கும் அறையிலும் சமையலறையிலும் இருக்கக்கூடாது. மகன் சுத்தம் செய்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தெருவில் திரியும் எலிகளும் சுண்டெலிகளும் கூண்டுப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டு எலிக்கு நோய் அங்கிருந்துதான் வரும். அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் எலி இருப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது எலி கடித்த பின்னோ கீறிய பின்னோ காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போய் அதையும் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்குப் பூனை மலத்தால் வரும் நோயைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அது பூனை விஷயம், எலி மலத்தில் இருந்து வராது.

இதையெல்லாம் செய்ய வீட்டில் இடமும் ஆளும் இல்லை என்றால், இந்த ஒரு வருடத்துக்கு எலிக் குடும்பத்தை நண்பர் வீட்டில் விடுங்கள். அப்படிச் செய்வது எலியைக் கைவிடுவது ஆகாது.

கேள்வி: பால் கொடுக்கும் எலிக்குக் கண்ணில் இருந்து ரத்தம் வருகிறது. என்ன மருந்து?
(வாசகர், வேலூர்)

பதில்: அநேகமாக ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் இருந்து வரும் செந்நிறக் கசிவு இது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கடியில் பிடித்தால் இளஞ்சிவப்பாக ஒளிரும். ரத்தம் அப்படி ஒளிராது. களைத்த எலி, பயந்த எலி, சளி பிடித்த எலி, மூன்றுக்கும் வரும். ஒரு தடவை வந்து நின்றால் விட்டுவிடலாம். தினமும் வந்து, மூச்சில் கரகரப்பும் இருந்தால் நுரையீரல் நோய், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பேரன் வாங்கிவந்த எலி 12 குட்டி போட்டு, அவையும் வளர்ந்துவிட்டன. இத்தனையை வைத்துச் சமாளிக்க முடியாது. எங்கள் வயல் பக்கம் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எலிதானே, பிழைத்துக்கொள்ளாதா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி)

பதில்: ஐயா, பிழைக்காது. தயவுசெய்து விடாதீர்கள். பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்து கூண்டில் பிறந்த இனம் இது. கடைகளில் விற்கும் வெள்ளை எலிகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்காக வளர்த்த வகைகளின் வாரிசுகள். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் 1906 முதல் வளர்த்த எலிகளின் வழிவந்தவை உலகம் முழுக்க இருக்கின்றன. உங்கள் வயலில் இருப்பது வேறு சாதி. இந்தச் சிவப்புக் கண் எலிக்குப் பார்வை மங்கல், வெயில் கூசும், வெள்ளை உடம்பு இருட்டிலும் ஆந்தைக்குத் தெரியும். ஒரு இரவு தாங்கினால் அதிகம்.

இப்போது செய்ய வேண்டியது வேறு. குட்டிகளுக்கு எத்தனை நாள் என்று பேரனிடம் கேளுங்கள். 35-ஆம் நாளுக்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்தாக வேண்டும். ஐந்து வாரத்திலேயே ஆண் குட்டி தன் தாயையும் தங்கைகளையும் சினையாக்கிவிடும். வாலைத் தூக்கிப் பார்த்தால், சிறுநீர்த் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் இடைவெளி ஆணுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். நான்கு வாரத்தில் விதைப்பை பளிச்சென்று தெரியும். தனியாக ஒன்றைப் பார்த்தால் குழப்பம்தான். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒப்பிட வேண்டும்.

பிரித்த பின் நேரம் இருக்கிறது, நிதானமாக வீடு தேடலாம். இரண்டு பெண்ணாகவோ, இரண்டு ஆணாகவோ ஜோடியாகக் கொடுங்கள். எலி தனியாக இருந்தால் ஏங்கும். வாங்க வருபவரிடம் எதற்கு என்று கேளுங்கள். மீன் தொட்டிக்கும் பாம்புக்கும் இரையாகக் கேட்டு வருபவர்கள் உண்டு, பேரன் வளர்த்த குட்டி எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் முகவரியை இதழ் அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். காரைக்குடியில் இருந்து மதுரை இரண்டு மணி நேரம்தான், இரண்டு பெண் குட்டிகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆன்ட்டி, நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஜிலேபி எட்டு குட்டி போட்டிருக்கிறது. இன்று மூன்றாம் நாள். எப்போது கண் திறக்கும்? எப்போது நான் கையில் வைத்து விளையாடலாம்?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: கண்ணு, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எட்டுக் குட்டிக்கும் பெயர் எழுதி, அடையாளம் தெரியவில்லை என்று கேள்விக்குறியும் போட்டிருக்கிறாய். ஒரு நோட்டு எடுத்துக்கொள். நான் கூடத்தில் எழுதியது போல நீயும் தினமும் எழுது.

இந்த வாரத்தில் காது மடல் தலையில் இருந்து பிரிந்து நிற்கும், ஆனால் இன்னும் கேட்காது. ஏழாம் நாள் வாக்கில் உடம்பெல்லாம் பட்டு மாதிரி மயிர் தெரியும், எடையும் பிறந்தபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு ஆகியிருக்கும். பத்தாம் நாள் ஒட்டி முன்பற்கள் முளைக்கும். அதே சமயம் பெண் குட்டிகளின் வயிற்றில் காம்புகள் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரியும், மயிர் அடர்த்தியாவதற்குள் பார்த்து எழுதிக்கொள். எது அண்ணன், எது தங்கை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பன்னிரண்டாம் நாள் வாக்கில் காது கேட்க ஆரம்பிக்கும். கண் திறப்பது 14, 15-ஆம் நாள். எட்டும் ஒரே நாளில் திறக்காது, ஒரு குட்டிக்கு ஒரு கண் காலையிலும் மறு கண் சாயங்காலமும்கூடத் திறக்கும்.

இப்போதிருந்தே தினமும் ஒரு நிமிடம், ஒவ்வொரு குட்டியாகக் கையில் எடுக்கலாம். ஜிலேபியை முதலில் வேறு டப்பாவில் விட்டு அவளுக்கு முட்டைத் துண்டு கொடு. கையைக் கழுவிவிட்டு, கூட்டுத் தாளில் தேய்த்துக்கொள். தரையில் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்துத்தான் எடுக்க வேண்டும். உன் கையில் குட்டி வாய் திறந்து திறந்து மூடும், உனக்குச் சத்தம் எதுவும் கேட்காது. அது நிஜமாகவே கத்துகிறது. நம் காதுக்கு எட்டாத உயரத்தில் கத்துகிறது, ஜிலேபிக்குக் கேட்கும். அவள் டப்பாவில் எழுந்து நின்று உன் பக்கம் பார்த்தால் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

குட்டிகளை ஜிலேபி நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருப்பாள், அதையும் கவனி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி என்பவரும் அவர் குழுவும் இதைத்தான் வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதிகம் நக்கி வளர்த்த தாயின் குட்டிகளின் உடம்பு, பெரிதான பின்பும் நெருக்கடி வந்தால் அவ்வளவாகப் பதறவில்லை என்று 1997-இல் எழுதினார்கள். நீ பார்ப்பதும் அதே வேலைதான்.

விளையாட மூன்றாவது வாரம் வரை பொறுத்திரு. கண் திறந்த இரண்டு, மூன்று நாளில் குட்டிகள் காரணமே இல்லாமல் துள்ளும், தெள்ளுப்பூச்சி மாதிரி. அந்த நேரத்தில் கூண்டைத் திறக்கும்போது கவனம், கையில் இருந்து எகிறி விழுந்துவிடும். தாயின் தட்டில் இருந்து தீனியைத் திருடித் தின்ன ஆரம்பிப்பதும் அப்போதுதான். 21 நாளில் பால் மறக்க முடியும், ஆனால் நீ அவசரப்படுத்தாதே, நான்கு வாரம் அம்மாவோடு இருக்கட்டும். அப்புறம் அண்ணன்களை மட்டும் வேறு கூண்டுக்கு மாற்று. தங்கைகள் ஜிலேபியுடனே இருக்கலாம்.

கண் திறந்த அன்று எந்தக் குட்டி முதலில் திறந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடு. உன் பட்டியலில் நான்காவதாக இருக்கும் ‘பால்கோவா’வாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.